கம்பிக்குக் கீழே இரண்டு மீட்டர்

என் வேலை எளிது.
மாதம் ஒருமுறை இந்தக் குன்றேறி
உயர் அழுத்தக் கம்பிகளின் அடியில்
எது எவ்வளவு வளர்ந்திருக்கிறதென்று
அளந்து எழுதுவது.
இரண்டு மீட்டருக்கு மேல் எதுவும் நிமிரக்கூடாது,
மரமோ, கூரையோ, கொடிக்கம்பமோ.
கம்பெனி தந்த கோல் மஞ்சள்.
அதன் உச்சியில் ஒரு சிவப்புப் பட்டை.

லிமாவில் மழை பெய்யாது.
சொன்னால் வெளியூர்க்காரர் சிரிப்பார்கள்.
பாதி வருடம் வானம்
ஈரத்துணி போலத் தொங்கும்,
பிழிய ஒரு கை வராது.
தண்ணீர் லாரியில் வரும், பீப்பாய்க் கணக்கில்.
மேட்டில் இருப்பவருக்கு விலையும் மேடு.

அதனால் சத்துர்னினா வில்காவின் தண்ணீருக்கு
ஒரே நாளில் மூன்று பிறவி.
உருளைக்கிழங்கைக் கழுவும்.
சோப்பில்லாமல் தட்டுகளைக் கழுவும்.
பிறகு ஓட்டை போட்ட எண்ணெய் டின் வழியே
கீரைப் பாத்தியில் இறங்கி
அங்கேயே தங்கிவிடும்.

வீடு கட்டத் தடை, கடை போடத் தடை,
கம்பி முனகும் இந்த மண்ணில்
முள்ளங்கிக்கு மட்டும் அனுமதி உண்டு.
மண் என்றா சொன்னேன்?
மணல்.
அவள்தான் அதை மண்ணாக்கினாள்,
கினிப்பன்றிப் புழுக்கை, மீன்சந்தைக் குடல்,
எவரிஸ்டோவின் சலூனில் கூட்டி அள்ளிய மயிர்
எல்லாம் போட்டு.
நாலாம் வருடம் முதல் மண்புழுவைக் கண்டபோது
அக்கம்பக்கத்துப் பாத்திக்காரர்களைக் கூவி அழைத்தாளாம்,
"வந்துட்டான், வந்துட்டான்!"

பாத்தி ஓரத்தில் ஒற்றை மக்காச்சோளம்.
ஜனவரியில் என் இடுப்புக்கு.
பிப்ரவரியில் சிவப்புப் பட்டையைத் தாண்டி
ஒரு சாண்.
"வெட்டு" என்றேன்.
"அது விதைக்கு" என்றாள்.
"சட்டம்" என்றேன்.
"அடுத்த மாசம்" என்றாள்.
தாளில் அந்தக் கட்டத்தை வெறுமனே விட்டேன்,
ஏன் விட்டேன் என்று இன்றும் தெரியாது.

மார்ச் தொடக்கத்தில் மலை சேறாகி இறங்கி
நெடுஞ்சாலையை விழுங்கியது.
காய்கறி லாரிகள் எல்லாம் அந்தப் பக்கம்,
நாங்கள் ஒரு கோடி வாய் இந்தப் பக்கம்.
என் தெருவில் வெங்காயம்
முட்டையைவிட விலை.
எங்கள் வீட்டில் மின்சாரத்துக்குக் குறைவில்லை.
குளிர்பெட்டியைத் திறந்தால்
உள்ளே பளிச்சென்று வெளிச்சம் இருந்தது,
வேறொன்றும் இல்லை.

பத்தாம் நாள், கோல் இல்லாமல் குன்றேறினேன்.
எனக்கு முன்னால் நாற்பது பேர்.
தகரத் தராசு, நனைந்த சாக்கு,
அதன்மேல் பீட்ரூட் கீரை, வெங்காயத்தாள், லெட்டூஸ்.
போன மாத விலைதான்.
"ஏத்தலையா?"
"லாரிக்காரன் தண்ணிக்கு ஏத்தட்டும், அப்புறம் பார்ப்போம்."
"ரெண்டு கட்டு குடு."
அவள் என் சீருடையைப் பார்த்தாள்.
"வீட்டுக்கு ஒண்ணு.
கம்பெனிக்காரர் வீடும் வீடுதான்."

பதினோரு பாத்தி ஒரு நகரத்துக்குச் சோறு போடாது.
எனக்குக் கணக்குத் தெரியும்,
அளப்பதுதான் என் பிழைப்பு.
அரிசி கடையிலிருந்துதான் வரவேண்டும்,
எண்ணெயும் அப்படியே.
ஆனாலும் அன்றிரவு சூப்பில் பச்சையாய் ஏதோ மிதந்தது.
என் மகன் ஃபெர்மின், கீரையைக் கண்டாலே
தட்டைத் தள்ளுகிறவன்,
கிண்ணத்தைச் சாய்த்துக் குடித்தான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
சொன்னால் நிறுத்திவிடுவான்.

சாலை திறந்தது. வெங்காயம் மறுபடி வெங்காயமானது.
மாதக் கடைசியில் கோலோடு போனேன்.
சோளம் தலை குனிந்து நின்றது.
அதன் கழுத்தில் ஒரு பழைய நைலான் காலுறை,
காலுறையின் மறுமுனை தரையில் ஒரு முளையில்.
பக்கத்தில் குந்தி
களை எதுவும் இல்லாத இடத்தில்
களை பிடுங்கிக்கொண்டிருந்தாள் சத்துர்னினா.
கோலை நிறுத்தினேன்.
ஒன்று தொண்ணூற்றாறு.
அப்படியே எழுதினேன், கையெழுத்துப் போட்டேன்.

இருபது அடி நடந்திருப்பேன்.
பின்னால் சரக்கென்று ஏதோ நிமிர்ந்தது.
கம்பி என்று நினைத்துக்கொண்டு
இறங்கினேன்.